எலிக்கூண்டோடு சுரங்கத்துக்குப் போன டாக்டர்

(மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன் எழுதியது)



ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு எழுதித் தா என்று மலர்க் குழுவில் கேட்டார்கள். நியூட்டன், எடிசன், ஜேம்ஸ் வாட், நம்ம சர் சி.வி. ராமன்... எல்லாரையும் நம் சீனியர்கள் ஏற்கனவே எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஆகவே நான் வேறு ஒருவரைப் பிடித்தேன். பெயர் ஜான் ஸ்காட் ஹால்டேன். சுரங்கத் துறையிலும், கடலில் மூழ்கி வேலை செய்கிறவர்கள் மத்தியிலும், சுவாசம் பற்றிப் படிக்கிற டாக்டர்களிடமும் உலகம் முழுக்கப் பிரசித்தமான பெயர். நம் சிலபஸில்தான் இல்லை!

மெக்கானிக்கல் பையனுக்கு ஒரு டாக்டர் மேல் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். டிப்ளமா முடித்து வெளியே போனதும் நம்மில் பெரும்பாலோர் போய் நிற்கப்போவது ஷாப் ஃப்ளோரில். ட்ரெய்னி, ஷிஃப்ட் சூப்பர்வைசர், அசிஸ்டண்ட் ஃபோர்மன் என்று பதவிக்குப் பெயர் எதுவாக இருந்தாலும், அங்கே ஓர் ஆளுக்கு அடிபட்டால் முதல் ரிப்போர்ட் எழுதப்போவது நாம்தான். இன்பிளாண்ட் ட்ரெய்னிங் சமயத்தில் ஒரு தொழிற்சாலையில் (பேர் வேண்டாம்) விபத்துப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. விரல் போனது, கால் நசுங்கியது, கண்ணில் இரும்புத் தூள் தெறித்தது என்று பக்கம் பக்கமாக இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் மட்டும் ஏறக்குறைய எல்லாப் பக்கத்திலும் ஒரே வார்த்தை. கவனக்குறைவு! மெஷினுக்கு கார்டு இருந்ததா, தரையில் ஆயில் கிடந்ததா, லைட் எரிந்ததா, அது எத்தனையாவது மணி நேர ஓவர்டைம்... ஒரு வரி கிடையாது. அந்தக் கட்டத்தை எப்படி நிரப்ப வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் செய்து காட்டியவர்தான் இந்த ஹால்டேன்.

1860-ஆம் ஆண்டு மே மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். வசதியான, பெரிய குடும்பம். அண்ணன் ரிச்சர்ட் ஹால்டேன் பின்னாளில் பிரிட்டனின் யுத்த மந்திரியாக இருந்தவர். நம்மவர் 1884-ல் எடின்பரோவில் மருத்துவப் பட்டம் வாங்கினார். கிளினிக் வைத்து கைராசி டாக்டர் என்று பேர் வாங்கியிருக்கலாம். அவரோ நோயாளியை விட்டுவிட்டு, நோயாளி சுவாசிக்கிற காற்றைப் பிடித்துக்கொண்டார்!

முதல் வேலை டண்டீ நகரத்தில். ஏழைகள் பத்துப் பேர் அடைந்து கிடக்கிற ஒற்றை அறைகளுக்கு ராத்திரி நேரத்தில் போய்க் கதவைத் தட்டி, அவர்கள் தூங்குகிற காற்றை பாட்டிலில் பிடித்து வந்து, லேபில் வைத்து அளந்தார். பள்ளிக்கூட வகுப்பறைகளையும் விடவில்லை. பிறகு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாமா ஒருவரின் கீழ் வேலைக்குச் சேர்ந்தார். சாக்கடைக் காற்றால்தான் சகல வியாதியும் வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஹால்டேன் லண்டன் பார்லிமெண்ட் கட்டடத்துக்கு அடியில் ஓடும் சாக்கடைக்குள்ளேயே இறங்கிக் காற்றைச் சோதித்தார். எல்லாரும் பயந்த அளவுக்கு அந்தக் காற்றில் கிருமிகள் இல்லை என்று கண்டார். நாற்றம் வேறு, விஷம் வேறு என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் சில வருஷத்தில் அதே சாக்கடை வேறு முகத்தைக் காட்டியது.

1895 ஜூலை 1. லண்டனுக்குக் கிழக்கே ஈஸ்ட் ஹாம் என்ற ஊரில் கழிவுநீர் பம்பிங் நிலையம். அங்கே ஒரு தொழிலாளி கிணறு போன்ற குழிக்குள் இறங்கினார், சாய்ந்தார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கினார். அவரும் விழுந்தார். அடுத்து ஒருவர், அதற்கடுத்து ஒருவர்... மொத்தம் ஐந்து பேர் போய்விட்டார்கள். நண்பரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட நாலு பேருக்கும் லண்டனில் ஒரு பூங்காவில் நினைவு ஓடு பதித்திருக்கிறார்கள். கௌரவம்தான். ஆனால் எதனால் செத்தார்கள்?

அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு ஹால்டேனிடம் வந்தது. அவர் கண்டது ஹைட்ரஜன் சல்ஃபைடு. நம்ம கெமிஸ்ட்ரி லேபில் கிப்ஸ் அப்பாரட்டஸிலிருந்து அழுகிய முட்டை வாசனையோடு வருமே, அதேதான். நாற்றம்தான் எச்சரிக்கை ஆயிற்றே, அப்புறம் ஏன் இறங்கினார்கள் என்று தோன்றும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்த வாயு கொஞ்சமாக இருந்தால் மூக்கைத் துளைக்கும். அதிகமாகிவிட்டால் முகரும் நரம்பையே மரத்துப் போக வைத்துவிடும். வாசனையே தெரியாது. காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும், சில மூச்சிலேயே ஆள் சரிவார். அடியில் தேங்கிய கசடைக் கிளறும்போது அது திடீரென்று வெளிவரும். நேற்று இறங்கிய குழியில் இன்றைக்கும் தைரியமாக இறங்கியவன் சாவது அதனால்தான்.

இதைப் படித்தபோது எனக்கு 130 வருஷத்துக்கு முந்தின லண்டன் செய்தி மாதிரியே தெரியவில்லை. நம்ம ஊர் பேப்பரில் வருஷா வருஷம் வருகிறதே! செப்டிக் டேங்க்கில் இறங்கியவர் மயங்கினார், காப்பாற்ற இறங்கிய அண்ணனும் தம்பியும் பலி, விஷவாயு தாக்கியது, போலீஸ் விசாரணை. அவ்வளவோடு செய்தி முடிந்துவிடும். என்ன வாயு, எவ்வளவு இருந்தது, இறங்குவதற்கு முன் யார் சோதித்தார்கள், மேலே கயிறு பிடிக்க ஆள் இருந்தாரா என்றெல்லாம் எழுத யாருக்கும் தோன்றுவதில்லை. மனிதரைக் கொண்டு மலக்குழி சுத்தம் செய்வதற்கு எதிராக 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம் வந்தது. 2014-ல் சுப்ரீம் கோர்ட், இப்படிச் சாகிறவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்றது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறியிருக்கிறது. இறங்குகிறவர்கள் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சரி, ஹால்டேனிடம் வருவோம். அவர் பெயரை உலகத்துக்குச் சொன்னது அடுத்த வருஷம் நடந்த விபத்து.

1896 ஜனவரி 27, விடியற்காலை. தெற்கு வேல்ஸில் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து. 57 பேர் மரணம். சுரங்கம் வெடிப்பது அந்த நாட்டுக்குப் புதுசு இல்லை. ஒவ்வொரு முறையும் விசாரணை நடக்கும், நிபுணர்கள் வருவார்கள், எந்த விளக்கு பற்றவைத்தது, எந்த வெடிமருந்து தவறியது என்று ஆராய்ச்சி நடக்கும். ஆட்கள் எப்படிச் செத்தார்கள் என்பதை மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? சுரங்கம் வெடித்தது, ஆள் செத்தான். வெடியில்தானே செத்திருப்பான்!

ஹால்டேன் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. உள்துறை மந்திரிக்கு ரிப்போர்ட் கொடுப்பதற்காக அங்கே போனார். சுரங்கத்துக்குள் இறங்கினார். ஒவ்வொரு உடலும் எந்த இடத்தில் கிடைத்தது, எப்படிக் கிடந்தது, காயம் இருக்கிறதா, தோல் கருகியிருக்கிறதா என்று பார்த்தார். பார்த்தவருக்கு ஓர் ஆச்சரியம். பெரும்பாலான உடல்களில் உயிர் போகிற அளவுக்குக் காயமே இல்லை. முகமும் தோலும் வெளிறிப் போகாமல் ரோஜா நிறத்தில், உயிரோடு இருக்கிற மாதிரி செக்கச்செவேலென்று இருந்தன.

அந்தச் சிவப்புதான் துப்பு. கார்பன் மோனாக்ஸைடு ரத்தத்தில் கலந்தால் வருகிற நிறம் அது.

நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைத் தூக்கிச் செல்வது ஹீமோகுளோபின். கார்பன் மோனாக்ஸைடுக்கு அதனோடு ஒட்டிக்கொள்ளும் குணம் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல். பஸ்ஸில் சீட்டு எல்லாவற்றிலும் துண்டு போட்டுவைத்த மாதிரி! ஆக்ஸிஜன் வெளியே நிற்கும், ஏற இடமில்லை. இறந்தவர்களின் ரத்தத்தில் எத்தனை சீட்டை அந்த வாயு பிடித்திருந்தது என்று அளக்க ஹால்டேனே ஒரு முறை வைத்திருந்தார். ரத்தத்தைத் தண்ணீரில் நீர்க்கச் செய்தால் சாதாரண ரத்தம் மஞ்சள் கலந்து தெரியும். வாயு கலந்த ரத்தம் இளஞ்சிவப்பாகத் தெரியும். சாதாரண ரத்தத்தில் கார்மைன் சாயத்தைத் துளித்துளியாக விட்டு, இரண்டு நிறமும் ஒன்றாகும்போது எவ்வளவு சாயம் செலவானது என்று கணக்குப் போட்டால் விடை கிடைக்கும். ஃபர்ஸ்ட் இயரில் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு எண்ட் பாயிண்ட் தாண்டிப் போச்சே என்று புலம்பினோமே, அதே டைட்ரேஷன்தான்.

கணக்கு என்ன சொன்னது? வெடியிலும் தீயிலும் செத்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் வெடிக்குத் தப்பியவர்கள்! அதற்குப் பிறகு சுரங்கத்தில் நிறைந்த புகைக்காற்றில் இருந்த கார்பன் மோனாக்ஸைடுதான் அவர்களைக் கொன்றது. அதே 1896-ல் பிரான்ஸ்பெத், மிக்கில்ஃபீல்டு என்று இன்னும் இரண்டு சுரங்கங்கள் வெடித்தன. மிக்கில்ஃபீல்டில் 63 பேர் செத்தார்கள். அங்கும் கதை இதுதான். மூன்றையும் சேர்த்து ரிப்போர்ட் கொடுத்தார்.

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்க. காரணம் என்ற கட்டத்தில் வெடிவிபத்து என்று எழுதினால் அதோடு கதை முடிந்தது. வெடித்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை, சவப்பெட்டிக்கு ஆர்டர் கொடுக்க வேண்டியதுதான். கார்பன் மோனாக்ஸைடு என்று எழுதினால்? வெடித்தபின்னும் அந்த ஆட்கள் உயிரோடு இருந்தார்கள் என்று அர்த்தம். அவர்களைக் காப்பாற்ற நேரம் இருந்தது என்று அர்த்தம். காற்றோட்டத்தை எப்படி உடனே சீர்செய்வது, எந்த வழியாக ஓடக்கூடாது, மீட்கப் போகிறவர் என்ன எடுத்துப் போவது என்று எத்தனையோ கேள்விகள் புதிதாகக் கிளம்பும். ஒரு வார்த்தைதான் வித்தியாசம்.

மீட்கப் போகிறவர்களும் அந்தக் காலத்தில் சும்மா போகவில்லை. சேஃப்டி லாம்ப்பைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆக்ஸிஜன் குறைந்தால் சுடர் மங்கும், உடனே திரும்பிவிடலாம். ஆனால் மனிதனைக் கொல்லும் அளவு கார்பன் மோனாக்ஸைடு இருக்கிற காற்றிலும் விளக்கு ஜம்மென்று எரியும்! விளக்கை நம்பிப் போனவர்கள் விளக்கு எரிய எரியவே விழுந்தார்கள். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனால்தான் ஹால்டேன் எலிக்கூண்டைக் கையில் எடுத்தார். சின்னப் பிராணிகள் உடம்பு எடைக்கு மிக வேகமாகச் சுவாசிக்கும். அதனால் விஷம் மனிதனைவிடப் பல மடங்கு சீக்கிரம் அவற்றைப் பிடிக்கும். எலி சுருண்டால் நமக்குத் திரும்பி நடக்க நேரம் இருக்கிறது. எலியைவிடக் கேனரிக் குருவி இன்னும் தோது. கொம்பில் உட்கார்ந்திருக்கிற குருவி தள்ளாடி விழுவது நன்றாகக் கண்ணில் படும். பிரிட்டிஷ் சுரங்கங்களில் இந்தக் குருவிகளுக்குப் பதில் மின்னணுக் கருவி வைக்கப்போவதாக அறிவித்தது 1986 கடைசியில்தான். குருவி பாவம் என்கிறீர்களா? அதற்கும் வழி செய்தார்கள். மேலே சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர் பொருத்திய கூண்டு இருந்தது. குருவி மயங்கியதும் கூண்டை மூடி ஆக்ஸிஜனைத் திறந்துவிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடும்.

இவ்வளவும் எலியை வைத்தே கண்டுபிடித்தது என்று நினைக்காதீர்கள். முதல் எலி ஹால்டேனேதான். காற்றில் கார்பன் மோனாக்ஸைடைக் கலந்து தானே சுவாசித்து, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் தன் ரத்தத்தை எடுத்துப் பார்த்து, என்ன ஆகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டே போனார். ரத்தத்தில் பாதிக்கு மேல் விஷம் ஏறும்வரை விடவில்லை. அதில் தெரிந்த விஷயம்: முதலில் போவது கால். அதற்குள் புத்தி மழுங்கிவிடுவதால் தனக்கு ஆபத்து என்பதே அந்த ஆளுக்குத் தெரியாது. குடித்தவன் மாதிரி தள்ளாடுவான். நல்லாத்தான் இருக்கேன் என்பான். அவர் வீட்டில் ஒரு கதை சொல்வார்கள். விபத்து நடந்த சுரங்கத்திலிருந்து மேலே வந்ததும், நலம் என்று மனைவிக்குத் தந்தி அடிப்பாராம். வாயு ஏறிய மயக்கத்தில் அடித்ததே மறந்து மறுபடி மறுபடி அடிப்பாராம். ஒரே செய்தி, வரிசையாகப் பல தந்தி!

மகனையும் விட்டுவைக்கவில்லை. சின்னப் பையனாக இருந்தபோதே சுரங்கத்துக்குள் கூட்டிப் போய், கூரை தாழ்ந்த ஓர் இடத்தில் நிற்கவைத்து, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் சீசர் பிணத்தருகே ஆண்டனி பேசும் வசனத்தை ஒப்பிக்கச் சொன்னாராம். கொஞ்ச வரியிலேயே பையன் மூச்சு வாங்கிச் சுருண்டு தரையில் விழுந்தான். தரையில் காற்று நன்றாக இருந்ததால் எழுந்துகொண்டான். மீத்தேன் காற்றைவிட லேசு, கூரையில் சேரும் என்பது பாடம். நம்ம லெக்சரர்கள் யாரும் இந்த முறையைப் பின்பற்றாமல் இருப்பது நம் பாக்கியம்! அந்தப் பையன்தான் பின்னாளில் பெரிய உயிரியல் விஞ்ஞானியான ஜே.பி.எஸ். ஹால்டேன். அவர் 1957-ல் இந்தியாவுக்கே குடிவந்துவிட்டார். 1964-ல் புவனேஸ்வரத்தில் காலமானார்.

அப்பா 1905-ல் செய்த இன்னொரு கண்டுபிடிப்பு நமக்கு ரொம்ப முக்கியம். நாம் மூச்சு வாங்குவது ஆக்ஸிஜன் குறைவதால் அல்ல, ரத்தத்தில் கார்பன் டையாக்ஸைடு கூடுவதால்தான் என்று பிரீஸ்ட்லி என்ற கூட்டாளியோடு சேர்ந்து நிரூபித்தார். இதன் அர்த்தம் பயங்கரமானது. ஒரு டேங்க்கை நைட்ரஜன் விட்டு பர்ஜ் செய்து வைத்திருக்கிறார்கள், உள்ளே ஒருவர் இறங்குகிறார் என்று வையுங்கள். அவருக்கு மூச்சு முட்டாது. திணறல் வராது. வெளியேற வேண்டும் என்றே தோன்றாது. அப்படியே சாய்வார். மூச்சு முட்டினால் வெளியே வந்துடலாம் சார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மற்றதெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பக்கம் போதாது. கார்ன்வால் தகரச் சுரங்கத் தொழிலாளிகள் சோகை பிடித்து வெளிறிப் போவதற்குக் கொக்கிப்புழு காரணம் என்று கண்டார். அதே சுரங்கங்களில் பாறை துளைக்கும் ட்ரில் கிளப்பும் தூசிதான் நுரையீரலை அரிக்கிறது என்றும் எழுதினார். கடற்படைக்காக ஆடுகளை அழுத்த அறையில் வைத்துப் பரிசோதித்து, ஆழத்திலிருந்து வரும் டைவர் நேராக மேலே வராமல் கட்டம் கட்டமாக நின்று நின்று வர வேண்டும் என்று 1908-ல் அட்டவணை வெளியிட்டார். 1915-ல் ஈப்ர போர்முனையில் ஜெர்மானியர் விட்ட விஷப்புகையைப் பார்க்கப் போய், அது குளோரின் என்று சொல்லிவிட்டு, முகமூடி கண்டுபிடிக்க வீட்டிலேயே அறையை மூடிக்கொண்டு அதே வாயுவைச் சுவாசித்தார். 1912 முதல் சுரங்க ஆராய்ச்சிக் கூடம் ஒன்றின் இயக்குநர். 1934-ல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் கிடைத்தது. முதலாளிகள் சங்கமும் தொழிலாளர் சங்கமும் அடித்துக்கொள்ளும் கமிஷன்களில் இரண்டு தரப்பும் இவர் வார்த்தையைக் கேட்டார்கள். இத்தனைக்கும் அவர் சொன்னதெல்லாம் சரியாகிவிடவில்லை. நிலக்கரித் தூசி நுரையீரலை அவ்வளவாகக் கெடுக்காது என்று நினைத்தது பிற்கால ஆராய்ச்சியில் அடிபட்டுப் போனது.

ஒன்று விட்டுவிட்டேன், வெப்பம். சூடான சுரங்கத்தில் மனிதன் எவ்வளவு தாங்குவான் என்று தானே உள்ளே உட்கார்ந்து பார்த்தார். சாதாரணத் தெர்மாமீட்டர் காட்டுவது முக்கியமில்லை, ஈரத்துணி சுற்றிய வெட் பல்பு காட்டுவதுதான் முக்கியம் என்று 1905-ல் எழுதினார். காற்று அசையாத இடத்தில் வெட் பல்பு 31 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உடம்பின் சூடு ஏறிக்கொண்டே போகும், வியர்வை உதவாது. ரெஃப்ரிஜிரேஷன் பேப்பரில் சைக்ரோமெட்ரிக் சார்ட்டைப் பார்த்து அலறுகிறவர்கள் கவனிக்க. கடற்கரை ஊரில், மே மாதத்தில், ஃபவுண்டரி பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு அந்தச் சார்ட்டில் உயிர் இருக்கிறது.

அந்த வெப்பமே அவருடைய கடைசி விசாரணையும் ஆயிற்று. பாரசீகத்திலும் இராக்கிலும் எண்ணெய்த் தொழிலில் வேலை செய்தவர்கள் வெப்பத் தாக்குதலில் விழுந்துகொண்டிருந்தார்கள். ஏன் என்று பார்க்க ஹால்டேன் கிளம்பிப் போனார். அப்போது அவருக்கு வயது 75. வீட்டிலிருந்தபடியே கடிதம் போட்டு விவரம் கேட்டிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போய்ப் பார்த்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டு திரும்பினார். வந்ததும் நிமோனியா பிடித்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் மூச்சைக் கணக்கெடுத்தவர், 1936 மார்ச் மாத நடுவில் ஒரு நள்ளிரவில் தன் வீட்டிலேயே மூச்சை விட்டார்.